கறை என்று நினைத்தது

8.1.1984, ஞாயிறு
புது வருஷத்துக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி. ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவளுக்கு டைரி எதற்கு என்று கொடுத்தவருக்கே தெரியாது. சும்மா கிடப்பானேன், எழுதுகிறேன்.

இன்று இவரோடு ஆம்பூர் கடைத்தெருவுக்குப் போனேன். பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை நின்று ஒரு பீடி. "உங்க புண்ணியத்துல கடைக்காரங்க எல்லாம் மாடி வீடு கட்டிடுவாங்க" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக் கொண்டார். மீன் வாங்காமலே திரும்பிவிட்டோம்.

22.1.84
தோல் பதனிடுகிற ஷாப்பில் இவருக்குத் தொட்டி வேலை. ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரில் இறங்கி நின்று தோலைப் புரட்ட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் கால் முழங்கால் வரைக்கும் பழுப்புதான். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. நிஜக் கால் என்ன நிறமோ, மாமியாருக்குத்தான் தெரியும்.

இப்போது இடது கட்டைவிரல் நுனி மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கிறது. கேட்டால், "புதுத் தொட்டில பட்டை ஜாஸ்தி போட்டுட்டாங்க" என்கிறார். கூட வேலை செய்கிற மக்பூல் அகமது வந்திருந்தார். அவரும் காலை நீட்டிக் காட்டினார். "பாரும்மா, நம்ம எல்லாருக்கும் இதே சாயந்தான்."

சோப்பு போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். போகவில்லை.

5.2.84
படுத்தால் வலிக்கிறதாம். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறார். தொட்டுப் பார்த்தேன். வலது கால் சூடாக இருக்கிறது, இடது கால் சில்லென்று. ஒரே ஆளுக்கு இரண்டு கால் இரண்டு விதமாக இருக்குமா?

14.2.84, செவ்வாய்
லீவு போட்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கேட்டார்: நடந்தால் வலித்து, நின்றால் விடுகிறதா? இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். ரொம்ப நாளாகவாம்.

அப்படியானால் அந்தப் பெட்டிக்கடைகள்! பீடிக்காக நின்றதில்லை. வலிக்கு நின்று, எனக்குத் தெரியக்கூடாது என்று பீடி பற்ற வைத்திருக்கிறார். அந்தப் பீடிதான் ரத்தக்குழாயை அடைக்கிறது என்கிறார் டாக்டர். வெளியே வந்ததும் சத்தம் போட்டேன். "சொன்னா நீ வேலைக்கு விடமாட்டே" என்றார். யாருக்கு வேண்டும் அந்த வேலை! பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலில் ரத்தம் ஓடுகிறதா என்று மிஷின் வைத்துப் பார்ப்பார்கள்.

15.2.84
மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். அந்த மிஷின் அறையில் இருக்கிற ஃபரீதா என்கிற பெண் நேற்று சொன்னது.

ஊசி இல்லை. அறுப்பு இல்லை. ஷாக் அடிக்காது. குளிர்ந்த களிம்பு தடவி, பேனா மாதிரி ஒன்றைத் தோல்மேல் வைப்பார்கள். ரத்தம் ஓடினால் சத்தம் வரும். கையில் பிரஷர் பார்ப்பது போலக் காலிலும் பட்டை சுற்றிப் பார்ப்பார்கள். அப்போது கொஞ்சம் இறுக்கும், அவ்வளவுதான்.

முதல் நாள் ராத்திரியிலிருந்தே பீடி கூடாது, குடித்தால் குழாய் சுருங்கிக் கணக்கு தப்பாக வரும். காலையில் காபி, டீ வேண்டாம். காலில் எண்ணெய், மருந்துப் பத்து எதுவும் போடக்கூடாது. தளர்ந்த வேட்டி கட்டி வர வேண்டும். வயிற்றுக் குழாயையும் பார்ப்பதால் வெறும் வயிறு.

"இன்னாது, காலுக்குள்ள ரேடியோவா?" என்றார் இவர். அந்தப் பெண் சிரித்துவிட்டது. "அப்படித்தான் வச்சுக்குங்கண்ணே. பாட்டு வந்தா நல்லது."

19.2.84
ஷாப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்த மிஷினில் படுக்க வைத்தால் காலை எடுத்துவிடுவார்களாம். வரமாட்டேன் என்று பேஜார் பண்ணுகிறார். "மிஷின் சும்மா கேக்கத்தான் கேக்கும், வெட்டாதுங்க" என்று எத்தனை தடவை சொல்வது. எனக்கும் பயம்தான். அதை இவரிடம் காட்டவில்லை.

22.2.84, புதன்
பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றதில் அவளுக்கு வருத்தம். பீடிக்கட்டை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். "வயித்துல அடிக்கிறேடி அமிர்தம்" என்று கத்தினார். வைதுகொண்டே படுத்தார். பானையைத் திறக்கவில்லை.

23.2.84, வியாழன்
முதலில் வலது கால். மிஷினிலிருந்து சத்தம் வந்தது. தையல் மிஷினை நிதானமாக மிதித்தால் வருமே, அந்த மாதிரி. இவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா அமிர்தம், ஓடுது!"

அப்புறம் இடது கால். தொடையில் கேட்டது. முழங்காலுக்குப் பின்னால் சன்னமாக. கணுக்காலில் வெறும் இரைச்சல். ஃபரீதா பேனாவை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். களிம்பு இன்னும் கொஞ்சம் தடவினாள். "மிஷின் ரிப்பேராம்மா?" என்று இவர் கேட்டார். அவள் பேனாவைத் துடைத்து வைத்தாள். பாதகத்தி, ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

டாக்டர் வந்து வலது கட்டைவிரலை அமுக்கிக் காட்டினார். கறைக்குள்ளேயும் வெளுத்து, விட்டதும் நிறம் திரும்பியது. இடது விரலை அமுக்கினார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "இது சாயம் இல்லம்மா. விரல் செத்துப்போச்சு."

நான் தேய்த்தேனே. வெள்ளிக்கு வெள்ளி உட்கார வைத்துத் தேய்த்தேனே. வேறு வேலை செய்கிறவராக இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தொட்டிக்காரன் கால் கறுத்தால் யார் பயப்படுவார்கள்?

2.3.84
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

11.3.84
கண் விழித்த நாளிலிருந்து ஒரே கேள்வி: "எங்க போட்டாங்க அத?" தெரியாது என்கிறேன். நிஜமாகவே தெரியாது. கேட்கப் பயந்தேன்.

பீடியை விட்டால் வலது கால் நிற்கும் என்றார் டாக்டர். என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார் இவர்.

18.8.84
தொட்டியில் இறங்காததால் வலது காலில் கறை போய்க்கொண்டே இருக்கிறது. பாதம் மாநிறம். நானே இப்போதுதான் பார்க்கிறேன். "நீங்க இவ்வளவு செவப்புன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ஜாஸ்தி நகை போட்டு வந்திருப்பேன்" என்றேன். ஆறு மாசத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

7.12.84, கார்த்திகை தீபம்
துவைக்க எடுத்த சட்டைப் பையில் தீப்பெட்டி. விளக்கேற்ற வாங்கினாராம். விளக்கை எந்த வருஷம் இவர் ஏற்றினார்?

16.12.84, ஞாயிறு
காலையில் அக்குள் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தவருக்குக் கால் கழுவிவிட்டேன். வலது கட்டைவிரல் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு.

சோப்பு எடுத்தேன். அப்புறம் எதற்கு என்று வைத்துவிட்டேன். தொட்டி ஏது, பட்டை ஏது இப்போது. அமுக்கினேன். விட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். இவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வேலூர். இந்தத் தடவை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறும் வயிறு, தளர்ந்த வேட்டி, எண்ணெய் கூடாது. உலைக்கு அரிசி எடுத்து, அரிசிப் பானையை மூடிவிட்டுத் திரும்பினேன். நான் கேட்கவே இல்லை, இவராகவே கையை நீட்டினார். கையில் பீடிக்கட்டு.