மூன்றாவது பற்சில்லு

பங்குனி 18, திங்கள்

விடியவே அனல். கிணற்றுத் தண்ணீர் இன்னும் இரண்டு படி கீழே. நான் திருத்தவேண்டிய 8ஆம் வகுப்பு விடைத்தாள் இருபத்தாறு அப்படியே கிடக்கிறது.

அண்ணா காத்திருந்த பார்சல் வந்துவிட்டது. சீமைக்குத் திரும்பிப் போன தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விற்ற சைக்கிள் சாமான். சைக்கிள் கடை மீரான் நானா கண்டியிலிருந்து எடுப்பித்தது. மிதியோடு சேர்ந்த பற்சில்லு மூன்று: பெரிது, நடு, சின்னன். தனியாக, செயினை ஒரு சில்லிலிருந்து மற்றதற்குத் தள்ளும் தகடு. அதைச் சுற்றி ஒரு கடதாசி.

மலைநாட்டுச் சைக்கிள் ஓட்டப் போட்டி 31ஆம் திகதி. முதல் பத்துப் பேருக்குள் வந்தால் கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை. அண்ணாவுக்கு முப்பத்தொரு வயது. நான் படிக்கவேண்டுமென்று எட்டாம் வகுப்போடு வயலுக்குள் இறங்கியவர். இனி இப்படியொன்று வராது.

ஏற்றத்துக்குச் சின்னச் சில்லு கட்டாயம் என்றார் நானா. ஆனால் இந்தத் தகடு அதுவரைக்கும் எட்டுமோ தெரியாதாம். கடதாசியில் இருக்குமாம். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

ஆங்கிலம் இல்லை. எழுத்து அதே எழுத்து, பாசை வேறு. பிரெஞ்சாக்கும். இவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. "பி.ஏ. படிச்ச பிள்ளை, இப்ப சொல்லுவள்" என்று அம்மா நானாவிடம். அதிலிருந்த படத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

"மூண்டுக்கும் பூட்டலாமாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

20, புதன்

காற்று. முற்றமெல்லாம் புழுதி. வாங்க வேண்டியது: நீலம், மண்ணெண்ணெய், சிவப்பு மை.

அண்ணாவும் நானாவும் எல்லாவற்றையும் சைக்கிளில் பூட்டி, பின்னேரம் குளக்கட்டில் ஓடிப் பார்த்தார்கள். இங்கே ஏற்றமென்று சொல்ல அது ஒன்றுதான். அதில் ஏறிப் பழகி மலைக்குப் போவதென்றால் வாளித் தண்ணீரில் நீந்திப் பழகினமாதிரி என்று நானா பகிடி. அண்ணாவும் சிரித்தார்.

பெரிதும் நடுவும் நல்லாய் விழுகின்றன. சின்னதுக்கு மாற்றினால் செயின் தகட்டின் அடியில் உரசிக் கரகரக்கிறது. சில வேளை உள்ளே விழப் பார்க்கிறது. அண்ணா என்னைக் கேட்டார், இதைப்பற்றி அதில் ஏதும் போட்டிருக்கோ என்று.

ஓட ஓடச் சரிவருமென்று இருக்கு என்றேன். இரண்டாவது பொய்.

29, வெள்ளி

அண்ணாவை ரெயினேற்றினோம். சைக்கிள் கார்ட் பெட்டியில், சாக்குச் சுற்றி. அம்மா திருநீறு பூசிவிட்டா. கடைசி நிமிடத்திலாவது சொல்ல வேண்டுமென்று வாயெடுத்தேன். பக்கத்தில் எங்கள் தலைமை ஆசிரியர். கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். ரெயின் போய்விட்டது.

சித்திரை 3, புதன்

அண்ணா வந்துவிட்டார். வலது மணிக்கட்டில் மாக்கட்டு, எலும்பு வெடித்துவிட்டதாம். முகத்தில் உராய்வு.

ஏழாவதாக ஏறிக்கொண்டிருந்தவராம். சின்னச் சில்லுக்கு மாற்றச் செயின் உள்ளே விழுந்து இறுகி, மிதி நின்று, ஆள் கல்லில். இதைச் சோறு போட்டுத் தா என்கிற குரலில் சொன்னார். எல்லாம் நாவூறு, ஊர்க்கண் என்று அம்மா. நானா, தான் எடுப்பித்த சாமான் என்று தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சிறுபோக விதைப்பு வருகிறது. கட்டு ஆறு கிழமைக்காம்.

6, சனி

பஸ்ஸில் வவுனியா. அம்மாவிடம் சேலைக்குக் கரை வாங்க என்றேன். மாதா கோயில் சுவாமியார் பிரெஞ்சுக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றே கால் மணித்தியாலம்.

கண்ணாடியைத் துடைத்து, கடதாசியை விரல் வைத்து வாசித்தார். இரண்டு பற்சில்லுக்கு மட்டும். மூன்றுக்குப் பூட்டக்கூடாது. தடித்த எழுத்தில் இருந்ததே அந்த வரிதான். யாருக்கு மகளே என்றார். தெரிந்த ஓராளுக்கு என்றேன்.

கடதாசி வந்தது 18. போட்டி 31. நடுவில் ஒரு சனிக்கிழமை சும்மா இருந்தது. அன்று நான் தலை முழுகிவிட்டுப் படுத்திருந்தேன்.

8, திங்கள்

வானம் மப்பு. மழை இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முதல் அண்ணாவிடம் போனேன். மாட்டுக் கொட்டில் பக்கம் நின்றார். அது வேறு பாசை, எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று சொல்லி முடித்தேன். அழக்கூடாதென்று இருந்தேன், முடியவில்லை.

"தெரியும் பிள்ளை. நீ வாசிக்கேக்கை உன்ரை கண் படத்தை விட்டு அசையேல்லை."

பிறகேன் பூட்டினீர்கள் என்றேன். சுவாமியாரிடமாவது காட்டியிருக்கலாமே.

"எப்பிடிக் காட்டுறது? தங்கச்சி பட்டதாரி, கடதாசியைத் தூக்கிக்கொண்டு ஏன் கோயிலுக்குத் திரியிறான் எண்டு நானாவே கேட்டிருப்பார். கரகரப்புத்தானே, காலாலை சமாளிக்கலாமெண்டு நினைச்சன்."

சேட்டுப் பொத்தானை இடக்கையால் போட முயன்றார். வழுக்கிக்கொண்டே இருந்தது. போட்டுவிட்டேன்.