பிள்ளைகுட்டி இல்லாதவள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் முகாமை ஒருவழியாகத் தொடங்கிவிட்டோம். கூடத்தை வாடகைக்கு எடுத்தது கூட்டாளி. பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது நான். முதல் நாளே அவள் பெற்றோர்களிடம் என்னைக் காட்டி, “இவங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. முழுக் கவனமும் உங்க பசங்க மேலதான்” என்று அடித்துவிட்டாள். உடனே இடமெல்லாம் நிரம்பிவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன். தொழிலாம்.

நேற்று ஓர் அம்மா இருட்டிய பிறகுதான் மகளை அழைத்துப்போக வந்தாள். ஏன் தாமதம் என்றேன். “உங்களுக்கென்ன அவசரம்? வீட்டுல குழந்தையா காத்துக்கிட்டிருக்கு?” என்றாள். சிரித்துவைத்தேன். மற்றபடி ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

ஒரு சின்ன வேலை. பாப்பாவைத் தாளின் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள். ஷூ வாங்கத்தான். இங்கே வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் எது எந்தப் பிள்ளையுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவள் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்றுதான் தெரியவில்லை.

கூட்டாளி கூப்பிடுகிறாள். எழுதும்போதுதான் உறைக்கிறது: பாப்பாவுக்கும் இப்போது விடுமுறைதானே? நீங்கள் வேலைக்குப் போன பிறகு அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பாப்பாவின் அம்மா