ஈரத்தில் சுருங்கும் நூல்

காலை மழையில் பால்கனிக் கம்பியிலிருந்த சிலந்தி வலை நனைந்திருந்தது. அத்தனை துளிகளைச் சுமந்தும் தொய்யவில்லை. துணி உலர்த்த வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படும்படி குனிந்து பார்த்திருப்பாய்.

பவானிபூரிலிருந்து நானும் டாக்குரியாவிலிருந்து நீயும் ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தோம். வங்காளிகள் நிறைந்த அந்த இடத்தில் தமிழ் பேச நாம் இருவர்தான். என் தமிழில் பாதி வங்காளம் என்று சிரிப்பாய். சிலந்தியிடமிருந்து நூலை மெல்ல இழுத்தெடுத்து, சட்டத்தில் ஒட்டி, அறுகிறவரை இழுத்து அளப்பது நம் வேலை.

இவ்வளவு மெல்லிய நூலுக்கு எங்கிருந்து இந்த உறுதி என்று கேட்பவர்களுக்கு நீ சொல்வாய்: "உள்ள ரெண்டு விதமான இடம் இருக்கு. ஒண்ணுல புரதச் சங்கிலியெல்லாம் தாள் அடுக்கின மாதிரி நெருங்கிக் கிடக்கும். அது விடாம பிடிச்சுக்கும். இன்னொண்ணுல சுருண்டு கிடக்கும். அது நீண்டு குடுக்கும்."

ஜூலையில் அளவுகள் மாறின. குளிர்காலத்தில் விறைப்பாக நின்ற நூல், மழை நாட்களில் ரப்பர்போல நீண்டது. அறிக்கை கொடுக்க ஒரு வாரமே இருந்தது. அந்த அளவுத் தாள்களை உன்னிடம் சொல்லாமல் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். மறுநாள் நீ அவற்றை மேசையில் வைத்து நீவிக்கொண்டிருந்தாய்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாம் தப்பா வந்திருக்குடி. வச்சு என்ன பண்ண?"

"தப்புன்னா தாறுமாறால்ல இருக்கணும்? மழை பெஞ்ச நாளெல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கு, பாரு."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கையைப் பிடித்து இழுத்துப் போனாய். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு நூல் தொங்கியது. அதன் முனையில் துளிக் காகிதம். அடியில் ஈரப் பஞ்சை வைத்து மூடினாய். சற்று நேரத்தில் காகிதம் மெல்ல மேலே ஏறியது.

"தூக்குதுடி!" என்று என் தோளை உலுக்கினாய்.

ஈரம் அந்தச் சுருண்ட பகுதிக்குள் புகுந்து, சங்கிலிகளுக்கு இடையிலிருந்த மெல்லிய பிணைப்புகளை அவிழ்க்கிறது. அவை இன்னும் சுருள, நூல் குறுகுகிறது; அப்படிக் குறுகிய நூல்தான் இழுத்தபோது ரப்பர்போல நீண்டது. அடுக்கிய பகுதி அசையாமல் நிற்பதால் நூல் சிதைவதில்லை. அதுவே நம் முதல் கட்டுரை.

இதை யார் கவனித்தது என்று பேராசிரியர் கேட்டபோது, நான் முந்திக்கொண்டு "நாங்கள்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு கேன்டீனில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாய். மருத்துவமனையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடைசி நாட்களில்கூட நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று மதியம் ஒரு கல்லூரியில் இதைப் பற்றிப் பேசினேன். ஒரு மாணவி எழுந்து, அக்கா முறை வைத்து, "தீதி, இதை முதல்ல கவனிச்சது யாரு?" என்று வங்காளத்தில் கேட்டாள். வழக்கமான "நாங்கள்" நாக்கு நுனிவரை வந்தது. உன் பெயரைச் சொன்னேன். தாள்களைக் கசக்கிப் போட்டது நான் என்பதையும் சொன்னேன். அரங்கில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அவள் மட்டும் உன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினேன்.

அன்று பேராசிரியர் முன்னால் நீ பார்த்த பார்வை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. இருக்கட்டும்.