அவவிடம் கேட்டீங்களா?

ராத்தா,

இன்று காலை உங்கள் மருந்து டப்பாவைத் திறந்தேன். குளிசைகள் முடிந்து கனகாலம். அடியில் தஸ்பீஹ் மணி மட்டும் சுருண்டு கிடந்தது. "ரெண்டும் நேரத்துக்கு எடுக்கிறதுதானே, ஒண்டாக் கிடக்கட்டும்" என்பீர்கள்.

ஊரில் உங்களை மனநோய் வருத்தக்காரி என்றார்கள். ஓம், வருத்தக்காரிதான். அதற்கு மருந்தும் குடித்தீர்கள். அதனால் என்ன? ஆனால் அதை வைத்துத்தான் நம் கூடப்பிறந்த மூத்த காக்கா கோட்டில் வழக்குப் போட்டார். நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பா உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். உங்களுக்குப் புத்தி சரியில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டால், உங்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

படிப்பை விட்டுவிட்டுச் சும்மா திரிந்த தங்கச்சி என்னை நீங்கள்தான் கோட்டுக்கு இழுத்துப் போனீர்கள். "வாடி, ரெண்டு பேரும் ஊருக்கு உதவாததுகள்தானே."

காக்காவின் லோயர், ஒரு டாக்டரின் சான்றிதழை நீட்டினார். உங்களை ஒரேயொரு தடவை பார்த்த வெளியூர் டாக்டர், 'தனியே முணுமுணுக்கிறார்' என்று எழுதியிருந்தார்.

"ஒழுங்குவிதிப்படி இது போதும், ஐயா. ஆளை விசாரிக்கத் தேவையில்ல."

"விதி எந்தச் சட்டத்துக்குக் கீழ ஆக்கினது?" என்றார் நீதிபதி.

"மனநோய்ச் சட்டத்துக்குக் கீழ, ஐயா."

"அந்தச் சட்டம் ஆளை விசாரிக்கச் சொல்லுது. சான்றிதழ் எப்பிடி வரவேணும் எண்டு விதி சொல்லலாம். விசாரணையே வேணாமெண்டு சொல்லேலா. சட்டம் தராத அதிகாரத்த விதி எடுக்கேலா. அவ எங்க?"

பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பினீர்கள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

லோயர் துள்ளினார். "பாருங்க ஐயா, இப்பவும் தனியக் கதைக்கிறா!"

"யாரோட கதைக்கிறீங்க, அம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"கதைக்கல்ல, ஐயா. நபிக்கு ஸலவாத் ஓதுறன். பயம் வந்தா ஓதுவன். காக்காவும் ஓதுவார், கேட்டுப் பாருங்க."

காக்காவும் ஓதுவார்தான். கடல் இரைந்தாலே ஓதத் தொடங்குகிற மனிதர். அவருக்கு ஒருவரும் சான்றிதழ் எழுதவில்லை.

நீதிபதி உங்களை விசாரித்து, புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று காக்காவின் மனுவைத் தள்ளிவிட்டார். வெளியே வந்ததும் நீங்கள் சொன்னது, "பசிக்குதுடி, கோழி வாங்கிட்டுப் போவம்."

போன நோன்பில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. ஆனால் உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலில்.

நேற்று பக்கத்து வீட்டு மாமா வேலியோரம் நின்று பெருமையடித்தார். வருத்தக்கார மகளை ஆஸ்பத்திரியில் அடைக்கப் போகிறாராம். "டாக்டர்ட கடிதத்தக் கோட்டில குடுத்தாச்சு. இனி விசாரணை ஒண்டும் இல்லையாம்."

"அவவிடம் கேட்டீங்களா?"

"படிப்ப விட்ட கழுதை, எனக்குச் சட்டம் செல்லித் தாறியா?"

"ஓம் மாமா. கோட்டில வந்து இன்னும் செல்லுவன்."

அதற்காகத்தான் டப்பாவைத் திறந்தேன், ராத்தா. வழக்கன்று அந்தப் பிள்ளையோடு அதே பின்வரிசை வாங்கில் இருப்பேன். தஸ்பீஹ் என் கையில் இருக்கும். பயம் வந்தால் இரண்டு பேரும் ஓதுவோம், முணுமுணுப்பாக அல்ல, எல்லாருக்கும் கேட்கச் சத்தமாக.