கூட்டாத வீடு

13 பெப். 96, செவ்வாய்
உறைகுளிர். லிஃப்ற் திரும்பவும் பழுது.

நாளை கேஸ் மனேஜர் வருகிறாள். அரசாங்கம் அனுப்புகிற இரவு நர்ஸ் அபிக்கு இன்னும் தேவையா என்று பார்க்க. மூன்று வயது, தொண்டையில் குழாய். சளி அடைத்தால் மெஷினால் உறிஞ்சி எடுக்க யாராவது விழித்திருக்கவேண்டும். இதில் பார்க்க என்ன கிடக்கிறது?

செய்ய: கார்ப்பெற் வக்கூம். அடுப்பு மினுக்க. அபியின் சிவப்புச் சட்டை. கட்லற்.

பக்கத்து வீட்டு ராணி அன்ரி உதவிக்கு வந்தா. "வெள்ளைக்காரி வாறாள் பிள்ளை. உந்த மெஷினைச் சீலையாலை மூடிவிடும்." மூடினேன்.

14 பெப்., புதன்
வந்தாள். நல்ல மனுசி. சப்பாத்தை வாசலிலேயே கழற்றினாள். வீடு எவ்வளவு துப்புரவு, பிள்ளை எவ்வளவு வடிவு என்றாள். அபியும் இன்றைக்கென்று இருமவில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாள். இவர் சிரித்துக்கொண்டு "நோ ப்ரொப்ளம்" என்றார். நானும் தலையாட்டினேன். வந்த ஆளிடம் வீட்டுக் கஷ்டத்தையா கொட்டுவது?

மிச்சக் கட்லற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

19 பெப்., திங்கள்
போன். குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறதாம். அதனால் மாத முடிவோடு நர்ஸை நிற்பாட்டுகிறார்களாம். எங்களைவிட இக்கட்டான வீடுகள் இருக்கின்றனவாம்.

கட்லற்றையும் தின்றுவிட்டு.

அவளைச் சொல்லி என்ன? எங்கள் இரண்டு பேருக்கும்தான் விசர். நோ ப்ரொப்ளமாம், நோ ப்ரொப்ளம்.

7 மார்ச், வியாழன்
பனி கொட்டுகிறது. ஒரு கிழமையாக இரவு முழுக்க நான்தான் விழிப்பு, இவருக்கு இரவு ஷிஃப்ற்.

மத்தியானம் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அபிக்குப் பக்கத்தில் இருந்தேன். கண் மூடிவிட்டது. எரிந்த மணத்தில்தான் எழும்பினேன். அபியின் உதடு நீலம். உறிஞ்சினேன், திரும்பவும் உறிஞ்சினேன். மூச்சு வந்தது.

சோறு எரியாமல் இருந்திருந்தால்?

கேஸ் மனேஜருக்குப் போன் எடுத்தேன். இன்னொருதரம் வந்து பார் என்றேன். நாளைக்கே வருகிறாளாம்.

8 மார்ச், வெள்ளி
காலையிலேயே அன்ரி தும்புத்தடியோடு வாசலில்.
"கூட்டவேண்டாம் அன்ரி."
"ஆள் வாற வீடு பிள்ளை. என்ன நினைப்பாள்?"
"ஒண்டையும் தொடாதேங்கோ."
கோபித்துக்கொண்டு போய்விட்டா.

எரிந்த பானை ஸிங்கில். சளித் துணி நிலத்தில். மெஷின் நடு ஹோலில், சீலை இல்லாமல். தேத்தண்ணீர்கூட வைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் வந்தாள். சுற்றிப் பார்த்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் பழக்கதோஷத்தில் "நோ ப்ரொப்ளம்" என்றார்.

"பொய்" என்றேன். இங்கிலிஷில்தான் தொடங்கினேன். பாதியில் தமிழ் வந்துவிட்டது. "என்னாலை ஏலாது. நேற்று என்ரை பிள்ளை செத்திருக்கும்." அழுதேன்.

அவளுக்கு விளங்கவில்லை. இவரைப் பார்த்தாள். இவர் குனிந்து சளித் துணியைக் கையில் எடுத்தார். பிறகு இங்கிலிஷில் சொன்னார். முழுவதையும். எங்களால் ஏலாது என்பதையும்.

12 மார்ச், செவ்வாய்
கொஞ்சம் வெயில். இன்று இரவு முதல் நர்ஸ் திரும்ப வருகிறா.

அவ வருமுன் கார்ப்பெற்றை ஒருதரம் கூட்டுவோம் என்று வக்கூமை எடுத்தேன். இவர் வந்து பிளக்கைக் கழற்றினார்.

"உந்த வக்கூமை வையும். போய்ப் படுத்து நித்திரை கொள்ளும்."