இரண்டாவது கன்ட்ரோலர்

3 மார்ச் 2024, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது தம்பியின் நண்பன் முகுந்தன் எங்கள் கேட்டருகே நின்றான். “ட்ரெவர் தூங்குறான்” என்றேன். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு போனான். தம்பி தூங்கவில்லை. ஏழு மாதமாக இதே பொய்தான். முகுந்தன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போன என் தம்பி, முழங்காலுக்குக் கீழே ஒரு காலில்லாமல் வீடு திரும்பினான். ஓட்டியவனுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். தம்பியின் போன் அன்றைக்கே நொறுங்கியது. புதுசு வேண்டாம் என்கிறான். ரூமை விட்டும் வருவதில்லை.

5 மார்ச்

ஆபீஸில் பெர்னடெட் தன் பழைய ஸ்டிக் கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். சூயிங்கம் பாக்கெட் அளவுதான். டிவிக்குப் பின்னால் செருகினால் டிவியே கம்ப்யூட்டராகிவிடுமாம். “டிவி ஹால்லதானே இருக்கு, ஃப்ளோரா. விளையாடணும்னா அவன் வெளிய வரணும்லா.”

6 மார்ச்

வரவில்லை.

9 மார்ச், சனி

வந்தான். ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். புது ஃபுட்பால் கேம் எதையும் அந்தக் குச்சிக் கம்ப்யூட்டர் தாங்கவில்லை. படம் திக்கித் திக்கி நின்றது. பத்து வருடப் பழசு ஒன்றைத் தேடி இறக்கினான். அது ஓடியது. சாப்பாட்டையும் ஹாலிலேயே சாப்பிட்டான்.

14 மார்ச்

“இன்னொரு கன்ட்ரோலர் வாங்கிட்டு வாக்கா.”

“எனக்கா?”

“உனக்கு ஆஃப்சைடே தெரியாது.” சிரித்தான். பிறகு திரையைப் பார்த்தபடியே, “முகுந்தன் வந்தா வேணும். எங்க வரப்போறான். ஒரு நாள்கூட வரல. அன்னிக்கு நான்தான் வேகமா போடான்னு கத்திக்கிட்டே வந்தேன். அந்தக் கோபம்போல அவனுக்கு” என்றான்.

சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஆண்டவரே — ஒரு வார்த்தை இவன்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா நான்?

15 மார்ச்

சொல்லிவிட்டேன். எத்தனை ஞாயிறு வந்தான் என்று கேட்டான். “எல்லா ஞாயிறும்.” டிவியை அணைத்துவிட்டு ரூமுக்குள் போனான்.

17 மார்ச், ஞாயிறு

தம்பி பேசவில்லை. முகுந்தனும் இன்று வரவில்லை. பத்து மணி வரை கேட்டருகே நின்று பார்த்தேன்.

18 மார்ச்

அரை நாள் லீவு போட்டுவிட்டு சுங்கை செம்பிலாங் மீன்துறைக்குப் போனேன். முகுந்தன் அங்கேதான் மீன் தரம் பிரிக்கிறான்.

“அவன் ஒரு நாளும் தூங்கல, தம்பி. நான்தான் பொய் சொன்னேன்.”

கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். “தெரியும்க்கா. வண்டி ஓட்டினது நான்தானே. நீங்க விடாதது சரின்னுதான் நானும் நினைச்சேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

19 மார்ச்

கோலா சிலாங்கூரில் கன்ட்ரோலர் வாங்கினேன். குச்சியில் ஒரே துளை. இரண்டு கன்ட்ரோலரையும் இணைக்க ஒரு ஹப்பும் வாங்கினேன். டிவி அருகே வைத்துவிட்டு, மூடிய கதவுக்கு வெளியே நின்று, “ஞாயித்துக்கிழமை முகுந்தன் வரான்” என்றேன்.

20 மார்ச்

காலையில் பார்த்தேன். இரண்டும் மாட்டியிருந்தன.

24 மார்ச், குருத்து ஞாயிறு

முகுந்தனை உள்ளே விட்டுவிட்டு நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். முதலில் பொத்தான் தட்டும் சத்தம் மட்டும். பிறகு, “ஃபவுல்டா.” “எங்கடா ஃபவுல்?” ஆட்டம் முடிந்தது. இருவரும் அடுத்ததைத் தொடங்கவில்லை. தணிந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ அழுதார்கள். யாரென்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மதியம் தம்பி கூப்பிட்டான். ஒன்பது நாளுக்குப் பிறகு.

“அக்கா, முகுந்தனும் இங்கதான் சாப்பிடுறான்.”