மாப்பிள்ளையைத் திரும்பப் பெற முடியாது

அன்புள்ள கொழுந்தனாருக்கு, உங்கள் அண்ணி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் மட்டும் சௌக்கியமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனை அணைத்து வைத்தால் அண்ணியின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தீர்களாக்கும். தபால்காரர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்.

உங்கள் அண்ணனுக்கு நீங்கள் எழுதியதைப் படித்தேன். தப்பு நடந்துவிட்டது, கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று பெண் வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று நாலே வரி. என்ன தப்பு, யார் செய்தது, ஒரு விவரமும் இல்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் எழுதும் லட்சணமா இது? நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். பால்காரருக்குச் சீட்டு எழுதி வைத்தால்கூட இதைவிட விளக்கமாக எழுதுவேன்.

நீங்கள் மறைத்ததைப் பெண்ணின் அண்ணன் வந்து சொன்னார். தையல் கடையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். வங்கிக்காரர் இல்லையா, விசாரிக்காமல் தங்கையைக் கொடுப்பாரா? உங்கள் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியிருக்கிறார். நீங்களும் உங்களோடு வேலை பார்ப்பவரும் சேர்ந்து எழுதி மாநாட்டில் படித்த கட்டுரை வந்ததாம். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பாக ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று போட்டிருந்ததாம். வேறு யாரோ எழுதிய இரண்டு பக்கம் அதில் அப்படியே இருந்ததாம். அளவு கொடுக்க வந்தவர்கள் காதில் விழும்படி, “என்னம்மா, மாப்பிள்ளை காப்பியடிக்கிறவராமே?” என்று கேட்டார். ஊசி என் விரலில் ஏறிவிட்டது. நான் சும்மா இருப்பேனா? “எங்க கொழுந்தனாருக்குக் காப்பியடிக்கத் தெரிஞ்சிருந்தா கணக்குல ஏன் ரெண்டு தடவை கோட்டை விட்டாரு?” என்று கேட்டேன். அளவு கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் மருந்துக்கடைக்காரியே வந்தாள். ஆமாம், உங்களுக்குப் பேசி வைத்திருக்கிற பெண்தான். தனியாக, வேலைக்குப் போகிற வெள்ளைக் கோட்டோடு. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்க அண்ணன் சிவப்பு எழுத்தை மட்டும் படிச்சுட்டு வந்துட்டாருக்கா. கீழ பொடி எழுத்துல இருக்கறதைப் படிக்கலை” என்றாள். “கடன் வாங்கப் போனா நம்மளைப் பொடி எழுத்தெல்லாம் படிக்கச் சொல்றவரு!” என்றேன். பிறகு தன் போனில் இருந்ததை எனக்குப் புரிகிற மாதிரி படித்துக் காட்டினாள். மாநாட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை, கட்டுரைகளைத் தொகுத்த புத்தகமும் வெளிவந்துவிட்டது, நீங்களாகவே அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்து, ‘சரிபார்க்காமல் பெயர் போட்டது என் தவறு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதினீர்களாம். இதையெல்லாம் ஊரார் எல்லாம் படிக்கலாம், வீட்டில் மட்டும் சொல்லக்கூடாது, அப்படித்தானே?

அவள் சொன்னதைக் கேளுங்கள். “எங்க கடையில ஒரு மருந்து சரியில்லைன்னு கம்பெனியே திருப்பி எடுத்துக்கிட்டா, அந்தக் கம்பெனி மேல எனக்குப் பயம் இல்லக்கா. தெரிஞ்சும் சத்தமில்லாம விக்கறவங்க மேலதான் பயம்” என்றாள். எழுந்து அவள் கன்னத்தைக் கிள்ளலாம் போலிருந்தது. வாயில் குண்டூசி இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று கேட்டாள். எடுத்து எழுதியது நீங்களா, கூட எழுதியவரா என்று அதில் போடவில்லையாம். சின்ன வயதில் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால், கேட்காதவர்களிடம்கூட ‘இது எங்க அண்ணனோடது’ என்று சொல்லிக்கொண்டே போவீர்களே, அந்தக் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, “அது சரிக்கா. யார் செஞ்சிருந்தாலும் சரி, அதை அவர் வாயால கேக்கணும். நீங்க வக்கீல் வேலை பாக்காதீங்க” என்றாள். நான் பதில் பேசாமல் இருந்தேன். உங்கள் அண்ணனிடம் சொன்னால் நம்பவில்லை.

தம்பி, கட்டுரையைத் திரும்பப் பெற்றது சரி. அதோடு சேர்த்து உங்களையும் திரும்பப் பெறச் சொன்னது யார்? கேட்கிறவள் காத்திருக்கிறாள். ஒளிந்துகொண்டால் அந்தச் சிவப்பு எழுத்து சொல்வதுதான் பதில் என்று ஆகிவிடாதா? ஞாயிற்றுக்கிழமை மாலை பெண் வீட்டார் வருகிறார்கள். வங்கிக்காரரும் வருவார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் வருவார். அது அவர் முகம், நமக்கென்ன.

நீங்கள் சொல்லச் சொன்னதை உங்கள் அண்ணன் இன்னும் அந்த வீட்டில் சொல்லவில்லை. கேட்டால் மறந்துவிட்டதாம். இன்று காலையிலிருந்து உங்கள் மாடி அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். சும்மாதானாம். முட்டி வலியோடு ஏணியில் நின்றுகொண்டு சும்மா வெள்ளையடிக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை.

போனைத் திறக்க வேண்டாம். வந்து கதவைத் தட்டினால் போதும். நல்லா இருப்பீர்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் அண்ணி